தண்ணீர் இருக்கிறது, விளக்கும் எரிகிறது: கூலன்ட் லெவல் சென்சார் பழுது பார்த்தல்

பட்டறைக்குள் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, தண்ணியெல்லாம் ஃபுல்லா இருக்கு. சும்மாவே லைட்டு எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. அந்த ஒயரை லூப் போட்டு விட்டுருங்க.” தண்ணீர் நிறைந்திருக்கிறது என்பது பாதி நேரம் உண்மையாக இருக்கும். சென்சாரை ஒதுக்கிவிட்டு வயர்களைக் கம்பித் துண்டால் லூப் போடச் சொல்வதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

காரணம் எளியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஓஸ் பிய்ந்து தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டால் அதன் முனையைச் சுற்றி வெறும் காற்றும் கொஞ்சம் ஆவியும்தான். உள்ளே லைனர் காய்ந்து பிஸ்டன் பிடிக்கும் நிலைக்கு வந்திருக்கும். டேஷ்போர்டு முள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லக்கூடியது லெவல் சென்சார் ஒன்றுதான். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அதை எஞ்சினின் கணினியான இசிஎம்முடன் இணைத்தார்கள். முதலில் விளக்கு, பிறகு இழுவைக் குறைப்பு, பாதுகாப்பு நிறுத்தம் இயக்கப்பட்டிருந்தால் எஞ்சினே நின்றுவிடும். லூப் போட்ட வண்டி கைமாறும்போது அந்தச் சிறு கம்பித் துண்டும் சேர்ந்தேதான் கைமாறும். அடுத்த முதலாளிக்கு அது தெரிவது ஹெட் வளைந்த பிறகுதான்.

ஆகவே இந்த விளக்கு எரிந்தால் சென்சார் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் டேங்க், அடுத்து வயர், கடைசியில்தான் சென்சார். கடைக்கு ஆள் அனுப்பிப் புது சென்சார் வாங்கி மாட்டிப் பார்ப்பது இந்த வரிசையைத் தலைகீழாக்குவது. காசும் போகும், விளக்கும் அணையாது.

டேங்கைப் பார்ப்பது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். மூடியைத் திறக்குமுன் கூலன்ட் சூடு 50 டிகிரி செல்சியசுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். 15 பிஎஸ்ஐ மூடி போட்ட அமைப்பில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய்விடும், அவ்வளவு தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரத்துணியைப் போட்டுத் திறந்தால் போதும் என்பவர்களின் முழங்கையைப் பாருங்கள், வடு இருக்கும்.

பிளாஸ்டிக் டேங்க் என்றால் கண் ஏமாறும். பல மாதம் ஒரே அளவில் நின்ற கூலன்ட், சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கறைக்கோட்டை விட்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் தண்ணீர் மட்டம். டிரைவர் “ஃபுல்” என்று சத்தியம் செய்வது பல நேரம் இந்தக் கறையைப் பார்த்துத்தான். டேங்குக்குப் பின்னால் டார்ச் அடித்து, கிளீனரைக் கேபின் படியில் ஏறி ஒருமுறை குலுக்கச் சொல்லுங்கள். கோடு ஆடினால் தண்ணீர், ஆடாவிட்டால் கறை.

எப்போது விளக்கு எரிகிறது என்பதை டிரைவரிடம் நிதானமாகக் கேளுங்கள். அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும். சமவெளியில் ஒன்றுமில்லை, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் மினுக்கி மினுக்கி எரிகிறது என்றால் சென்சார் சரியாகத்தான் வேலை செய்கிறது. மட்டம் விளிம்பில் நிற்கிறது. வண்டி சாயும்போது தண்ணீர் டேங்கின் ஒரு பக்கம் ஒதுங்கி சென்சார் வெளியே தெரிகிறது. சாதாரண அலசலுக்கு ஏமாறாதிருக்க இசிஎம் சில விநாடிகள் பொறுத்துத்தான் விளக்கைப் போடும். நீண்ட ஏற்றத்தில் அந்தப் பொறுமை போதாது. ஊற்றி நிரப்புங்கள், பிறகு எங்கே போனது என்று தேடுங்கள். வண்டியைக் கழுவிக் கொண்டுவந்த மறுநாள் வந்தது என்றால் கப்ளருக்குள் தண்ணீர். வெல்டிங் வேலைக்குப் பிறகு வந்தது என்றால் எர்த்தையும் இசிஎம்மையும் சந்தேகப்படுங்கள்.

கூலன்ட் மாற்றிய அடுத்த நாள் வந்தால் பெரும்பாலும் காற்றுதான். வேகமாக ஊற்றும்போது எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று அடைபட்டு நிற்கும். டேங்க் நிறைந்ததுபோல் தோன்றும். 80 டிகிரியைத் தாண்டி தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் அந்தக் காலியிடத்துக்கு ஓடி, மட்டம் சட்டென்று இறங்கும். கேபின் ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்துவைத்து, மெதுவாக ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு மறுபடியும் பார்ப்பதுதான் முறை. அவசரக்காரர் ஊற்றியதும் மூடியைத் திருகி அனுப்பிவிடுவார். வண்டி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் திரும்பி வரும்.

தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. இதில்தான் நல்ல மெக்கானிக்குகளும் அலுத்துப்போய் சென்சார் மீது பழி போடுகிறார்கள். வாட்டர் பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். ஓடும்போது கசிந்து சூட்டில் காய்ந்துவிடுவதால் சொட்டு தெரியாது. ஈஜிஆர் கூலர் உள்ள எஞ்சினில் அது உள்ளே ஓட்டையானால் தண்ணீர் சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாகப் போகும், லேசான இனிப்பு வாடை வரும். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் டேங்கில் குமிழி வரும், மூடியைத் திறந்தால் புகை நாற்றம் அடிக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ தண்ணீர் ஆயில் சேம்பருக்குள் இறங்குகிறது. வண்டியை அதற்குமேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பலரும் மறக்கும் இடம் ஏர் கம்ப்ரஸர். அதன் ஹெட்டிலும் எஞ்சின் தண்ணீர்தான் ஓடுகிறது. அங்கே விரிசல் விழுந்தால் கூலன்ட் பிரேக் காற்றோடு சேர்ந்து ஏர் டேங்குக்குப் போகும். ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்துபாருங்கள். வருவது கூலன்ட் நிறத்தில் இருந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு கம்ப்ரஸரைக் கழற்றலாம்.

உள்ளே இருப்பது கூலன்ட்தானா

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் கூலன்ட் பற்றிப் பேசினால், “நம்ம ஊர்ல பனியா உறையுது?” என்று கேட்பார்கள். உறையாது. ஆனால் கூலன்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமல்ல. துருப் பிடிக்காமலும், லைனரின் வெளிச்சுவரில் நீர்க்குமிழிகள் வெடித்து ஊசித்துளை விழாமலும் காப்பதுதான் நம் ஊரில் அதன் முக்கிய வேலை. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் ரேடியேட்டரில் படிகிற அதே சுண்ணாம்பு சென்சார் முனையிலும் படியும்.

அதைவிடத் தொல்லை மஞ்சள் தூள். ரேடியேட்டர் லேசாக ஒழுகினால் வழியில் ஒரு பாக்கெட் மஞ்சள் தூளைக் கொட்டுவது நம் டிரைவர்களின் பழைய கைவைத்தியம். ஒழுகல் சில நாள் நிற்கும் என்பது உண்மைதான். அந்தத் தூள் எங்கே ஒட்ட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சென்சாரில் மிதவை இருந்தால் அதன் அச்சில் ஒட்டும், சென்சார் முனையில் ஒட்டும், ஹீட்டர் குழாயை அடைக்கும். கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களும் இதில் ஒசத்தி இல்லை. டேங்க் மூடியின் உள்பக்கம் மஞ்சள் சேறு தெரிந்தால் சென்சாரை மீட்டர் வைத்து அளப்பதற்குமுன் முழு அமைப்பையும் கழுவுங்கள். கழுவாமல் புது சென்சார் போடுவது வீண்.

எந்த வகை சென்சார்

கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் மீட்டரைத் தொடாதீர்கள். கனரக எஞ்சின்களில் அதிகம் வருவது மிதவை வகை. மிதவைக்குள் ஒரு காந்தம், தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த ரீட் சுவிட்ச். தண்ணீரோடு மிதவை ஏறினால் சுவிட்ச் ஒரு நிலை, இறங்கினால் மறு நிலை. சில பிளாஸ்டிக் டேங்குகளில் சென்சார் தண்ணீரைத் தொடுவதே இல்லை. டேங்கின் அடியில் உலர்ந்த ஒரு பள்ளத்தில் அது செருகியிருக்கும், மிதவை உள்ளே தனியாக மிதக்கும். இதில் மிதவை ஓட்டையாகித் தண்ணீர் குடித்து மூழ்கிவிட்டால் எத்தனை சென்சார் மாற்றினாலும் விளக்கு எரியும்; மாற்ற வேண்டியது டேங்கை. சோதனை மிகச் சுலபம். சென்சாரை வெளியே எடுத்து மீட்டரில் வைத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். அளவு மாறினால் சென்சார் நல்லது, சிக்கல் மிதவையில். தண்ணீரில் மிதக்கும் துருப்பொடியை இந்தக் காந்தம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். மிதவை தண்டில் சிக்கி நிற்பதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

இன்னொரு வகை மின்கடத்தல் முனை. இதில் தண்ணீரே சர்க்யூட்டின் ஒரு பகுதி. முனை கூலன்ட்டில் நனைந்திருந்தால் சிறு மின்னோட்டம் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. ஆயில் கலந்து முனையில் படலம் பிடித்தால் டேங்க் நிறைந்திருந்தும் “குறைவு” என்று சொல்லும். சுத்தமான டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றினாலும் அப்படித்தான். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எதிர்ப்பக்கப் பிழைதான் ஆபத்து. முனைக்கும் உடலுக்கும் நடுவே ஈரச் சேறு பாலம் போட்டுவிட்டால் டேங்க் காலியானாலும் “நிறைவு” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இந்தப் பழுதுக்கு யாரும் பட்டறைக்கு வருவதில்லை, விளக்குதான் எரியவில்லையே. ஒவ்வொரு முறை கூலன்ட் வடிக்கும்போதும் சாவியைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது அதனால்தான் நல்ல பழக்கம்.

பிழைக் கோடு சொல்வது

ஜே1939 முறையில் பேசும் எந்த எஞ்சினிலும் கூலன்ட் மட்டத்தின் எண் எஸ்பிஎன் 111. பக்கத்து எண்ணான 110 கூலன்ட் சூடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான சென்சாரைக் கழற்றியவர்கள் உண்டு. எஸ்பிஎன்னுக்குப் பின்னால் வரும் எஃப்எம்ஐ எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 1 அல்லது 18 என்றால் சென்சாரும் வயரும் ஒழுங்காகப் பேசுகின்றன, தண்ணீர் குறைவு என்று சொல்கின்றன. 1 கடுமையான நிலை, 18 நடுத்தரம். 3 என்றால் சிக்னல் வயரில் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 2 என்றால் நம்ப முடியாதபடி தாறுமாறு. கம்மின்ஸ் எஞ்சின்களில் இவை 235, 197, 195, 196, 422 என்ற எண்களாக வரும், இதே வரிசையில். 235, 197 வந்த வண்டிக்கு மீட்டரை எடுப்பதற்குமுன் டேங்கைப் பாருங்கள். 195, 196 வந்தால் டேங்க் பார்ப்பது ஒரு நிமிட வேலை, பிறகு வயருக்குப் போய்விடலாம்.

3, 4 எப்படி வருகின்றன என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இசிஎம் ஒரு ரெசிஸ்டர் வழியாக சிக்னல் வயருக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் வழியாக அது எர்த்துக்குப் போகும்போது வோல்டேஜ் இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து இசிஎம் மட்டத்தைப் புரிந்துகொள்கிறது. வயர் அறுந்தால் இறங்க வழியில்லை, 5 வோல்ட் அப்படியே நிற்கும்: எஃப்எம்ஐ 3. வயர் எர்த்தில் உரசினால் பூஜ்யம்: எஃப்எம்ஐ 4.

இதிலிருந்து மீட்டரே இல்லாமல் ஒரு சோதனை கிடைக்கிறது. 4 எரிகிறதா, சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். கோடு 3 ஆக மாறினால் வயரும் இசிஎம்மும் நல்லவை, சென்சார் உள்ளே ஷார்ட். மாறாமல் 4 ஆகவே நின்றால் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. 3 எரிகிறதா, கப்ளரைக் கழற்றி வயர் பக்கத்தில் சிக்னலையும் ரிட்டர்னையும் மெல்லிய ஜம்பரால் இணையுங்கள். 4 ஆக மாறினால் சென்சார் போய்விட்டது. மாறாவிட்டால் சிக்னலை எஞ்சின் எர்த்தோடு இணைத்துப் பாருங்கள். இப்போது மாறினால் அறுந்தது ரிட்டர்ன் வயர், அப்போதும் மாறாவிட்டால் சிக்னல் வயர். மூன்று வயர் சென்சாரில் எது 5 வோல்ட் சப்ளை என்று வயரிங் படத்தில் பார்க்காமல் ஜம்பர் போடாதீர்கள். அந்தச் சப்ளை வேறு சென்சார்களுக்கும் போகக்கூடும். அதை எர்த் செய்தால் ஒரு கோடுக்குப் பதில் நான்கு கோடு வந்து நிற்கும்.

இன்னொன்று. நம் கனரக லாரிகள் 24 வோல்ட். கப்ளரைக் கழற்றி சாவியைப் போட்டு சிக்னல் வயரை அளக்கும்போது ஏறத்தாழ 5 வோல்ட் வர வேண்டும். 24 வந்தால் எங்கோ பேட்டரி வயரோடு உரசித் தோல் போயிருக்கிறது. ஜம்பரைக் கீழே வைத்துவிட்டு, கூடுதல் ஹாரன், சீரியல் லைட் இழுத்த இடங்களை முதலில் தேடுங்கள். டெஸ்ட் லேம்பை மறந்தும் இந்த வயரில் வைக்காதீர்கள். அந்த பல்பு கேட்கும் ஆம்பியர் இசிஎம்முக்கு எமன்.

கப்ளரும் வயரும்

கோடு வந்து வந்து போகிறது என்றால் தொண்ணூறு பங்கு இங்கேதான். கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு, வளைந்த பின், பிய்ந்த ரப்பர் சீல் எல்லாம் கண்ணுக்கே தெரியும். தெரியாதது வாய் விரிந்த பெண் பின். முன்னால் யாரோ மீட்டரின் தடித்த முனையை உள்ளே திணித்து அளந்திருப்பார்கள். அன்றிலிருந்து பிடிப்பு போய், வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விடும். அதே அளவிலான உதிரி ஆண் பின் ஒன்றைச் செருகி இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின்னை மாற்றுங்கள். வயரின் தோலில் ஊசி குத்தி அளப்பதும் இதே பாவம்தான்; அந்தத் துளை வழியாக மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு பொடிந்துவிடும்.

இதைவிட விநோதமான ஒன்று உண்டு. சென்சாரின் உடலில் மயிரிழை விரிசல் விழுந்தால் கூலன்ட் அழுத்தத்தோடு உள்ளே வந்து, பின் வழியாக வயரின் தோலுக்குள் நுழைந்து, செம்பு இழைகளின் இடுக்கில் ஊர்ந்து போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத்தான். கப்ளரைக் கழற்றினால் உள்ளே ஈரம், துடைத்தால் சில மணி நேரத்தில் மறுபடி ஈரம். ஓர் அங்குலம் தோலைச் சீவிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இல்லாமல் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், பளபளப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போய், அங்கிருந்து புது வயர் போடுங்கள். சென்சாரை மட்டும் மாற்றினால் வயருக்குள் தங்கிய கூலன்ட் அடுத்த கப்ளரைத் தின்னும். அலட்சியப்படுத்தினால் இசிஎம் கப்ளர் வரைகூடப் போகும்.

ஓம் அளவு எடுக்கும்போது சாவி அணைந்திருக்கட்டும், வயரின் இரு முனையும் கழன்றிருக்கட்டும். முனைக்கு முனை 10 ஓமுக்குக் கீழே, எர்த்துக்கு ஒரு லட்சம் ஓமுக்கு மேலே இருந்தால் வயர் நல்லது. அளந்துகொண்டே ஒருவர் ஹார்னஸை வளைத்து ஆட்ட வேண்டும். நின்ற வண்டியில் சரியாகக் காட்டும் வயர், ஆட்டும்போது எகிறும். கேபின் முன்னால் கவிழும் லாரிகளில் கேபின் மடங்கும் இடத்தையும், கிளாம்ப் போட்ட இடங்களையும் முதலில் பாருங்கள்.

ஜெனரேட்டரில் ஒரு கூடுதல் கவனம். இங்கே சென்சார் பல நேரம் இசிஎம்முக்குப் போகாமல் கன்ட்ரோலருக்கு நேராகப் போகும். டீப் சீ போன்ற கன்ட்ரோலர்களில் அந்த இன்புட் “மூடினால் எச்சரி” என்றோ “திறந்தால் எச்சரி” என்றோ அமைக்கப்பட்டிருக்கும். முன்பு இருந்தது தண்ணீர் இருந்தால் மூடும் சுவிட்ச், புதிதாக வாங்கியது தண்ணீர் இருந்தால் திறக்கும் சுவிட்ச் என்றால் நிறைந்த ரேடியேட்டரோடு முகூர்த்த நேரத்தில் மண்டபம் இருட்டாகும். வாங்கும்போதே பழையதையும் புதியதையும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி மீட்டரில் ஒப்பிட்டுவிடுங்கள். தேர்வு உங்கள் கையில் இருந்தால் தண்ணீர் இருக்கும்போது மூடியிருக்கும் வகையையே போடுங்கள். வயர் அறுந்தால் அது “குறைவு” என்று கத்தும். மற்றது அறுந்தால் வாய் திறக்காது.

மாற்றும்போது

சென்சார்தான் பழுது என்று முடிவானால் வேலை சின்னது. மட்டத்தைச் சென்சாருக்குக் கீழே வடித்து, பழையதைக் கழற்றி, புது ஓரிங்கைக் கூலன்ட்டில் நனைத்து மாட்டுங்கள்; கிரீஸ் வேண்டாம். பிளாஸ்டிக் டேங்கில் பாக்ஸ் ஸ்பேனரின் பலத்தைக் காட்டினால் கழுத்து விரிசல் விடும், பிறகு எம்-சீல் பூசிக்கொண்டு அலைய வேண்டும். உடல் வழியாகவே எர்த் எடுக்கும் ஒற்றை வயர் சென்சாரில் திரெட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். டேப் எர்த்தைத் தடுத்து, புது சென்சாரைப் பழுதாகக் காட்டும்.

பிழைக் கோடை அழித்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு, டேங்கில் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்குமுன், டிரைவர் அந்தக் கோட்டைப் பார்த்து போன் செய்யட்டும். ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் காற்று வெளியேறிய இடம் நிரம்பியிருக்கிறது. கோடுவரை ஊற்றச் சொல்லுங்கள். அதற்கடுத்த காலையும் இறங்கியிருந்தால் வண்டியைத் திரும்ப வரச்சொல்லி, மூடியின் இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை காற்றடித்து, முள் இறங்குகிறதா என்று பாருங்கள்.